ஓரத்தில் ஆரம்பித்த படம்

நம் பள்ளிக்கூட வகுப்பு லீடர் நேற்று மதியம் வாட்ஸ்அப் குழுவில் போட்ட படத்தைப் பார்த்துவிட்டேன். நான் பார்த்ததற்கு அடையாளமாக அவள் போனில் நீலக் கோடு விழுந்திருக்கும். பதில் போடவில்லை. பதினாறு பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தீர்கள், நான் ஒருத்திதான் வாயைத் திறக்கவில்லை. பென்ஷன் வாங்க ஆரம்பித்ததிலிருந்து இவளுக்குப் பவுசு கூடிவிட்டது என்று உங்களுக்குள் பேசிக்கொண்டிருப்பீர்கள். பேசுங்கள்.

படம் ஒரு துறைமுகம். முழுக்கக் கிராஸ் ஸ்டிச், துணியின் ஒவ்வொரு கட்டத்திலும் நூலால் ஒரு பெருக்கல் குறி போட்டு நிரப்புகிற தையல். பாய்மரக் கப்பல் ஏழு, ஒரு கலங்கரை விளக்கம், தண்ணீரில் அதன் நிழல், பாய்மரங்களுக்கு நடுவே தலைமுடி கனத்தில் கயிறுகள். அறுபது நிறத்து நூலாம். பாதி முடித்திருக்கிறாள். கீழே, 'எல்லாம் சரியா வருதான்னு பாத்துச் சொல்லுங்கடி' என்று எழுதியிருந்தாள். அந்த வரியைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன்.

'நீயும் ஒண்ணு ஆரம்பியேன், சும்மாதானே இருக்க' என்று மூன்று மாதமாகக் கேட்கிறீர்கள். உங்களில் ஒருத்தி என் வீட்டுக்கே ஒரு தையல் படப் பெட்டியை அனுப்பிவிட்டாள். பிரிக்காமல் பீரோவின் மேல் தூக்கிப் போட்டிருக்கிறேன். எனக்கு அது பயம். சோம்பல் இல்லை, கண்வலி இல்லை, பயம். அறுபத்துமூன்று வயதுப் பொம்பளை ஒரு துண்டுத் துணியைப் பார்த்துப் பயப்படுவாளா என்று சிரிக்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன். ஒருமுறைதான் சொல்வேன்.

நாம் ஆறாம் வகுப்பு படித்த வருஷம் அது. என் அக்காவை உங்களுக்கு நினைவிருக்கும். மழை பெய்தால் குடையோடு பள்ளி வாசலில் வந்து நிற்பாளே, அவள்தான். எனக்கு ஒன்பது வயது மூத்தவள். கன்னியாஸ்திரிகளிடம் தையல் வகுப்புக்குப் போய் வந்தவள். தலையணை உறையில் கிளி போடுவாள், கைக்குட்டை மூலையில் பெயரின் முதலெழுத்து போடுவாள். பெரிய பெரிய கட்டம் வைத்த மேட்டித் துணி, நான்கு நிறம், மிஞ்சிப்போனால் ஐந்து. விறுவிறுவென்று போடுவாள். சாயங்கால மங்கலில், வாசலைப் பார்த்துப் பேசிக்கொண்டே ஊசியில் நூல் கோப்பாள். ஊசியைப் பார்க்கவே மாட்டாள். இதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனுக்கு ஒரு வாரம் முன்னால் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. எங்கள் வீட்டு முன்னறைச் சுவரோ சுண்ணாம்பு உதிர்ந்து மொட்டையாக நின்றது. பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அப்போதெல்லாம் தெருவில் நாலு வீட்டில் நாற்காலி இரவல் வாங்குவோம், கண்ணாடித் தம்ளர் இரவல் வாங்குவோம், அதில் யாருக்கும் வெட்கம் கிடையாது. அம்மா ஒரு படி மேலே போய்ச் சுவருக்கு ஒரு படத்தை இரவல் வாங்கினாள். இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்த தையல் டீச்சரிடம். அவர் நாசரேத்துக்காரர். சுரூபம், தேர் எல்லாம் எங்களைப்போல அவருக்கு இல்லை, புராட்டஸ்டன்ட் சபைக்காரர். வாயில் பொய் வராது, அடுத்தவர் வாயில் வந்தாலும் பொறுக்கமாட்டார். ஆனால் கேட்டதும் படத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

ரோஜாக் கூடைக்குப் பக்கத்தில் ஒரு மயில் நிற்கிற படம். அதுவும் கிராஸ் ஸ்டிச்தான், ஆனால் கட்டம் கண்ணுக்கே தெரியாத நைசுத் துணி. தோகையில் எத்தனை பச்சை என்று எண்ண ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன். இதையெல்லாம் மனுஷர் தைப்பார்களா என்று அன்றைக்கே எனக்கு ஒரு மலைப்பு.

மாப்பிள்ளையின் அம்மா காலைத் தூக்கி உள்ளே வைத்ததும் நேராக மயிலிடம் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே நின்றார்.

"யாரு தைச்சது இது?"

அம்மா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நம்ம பெரியவதான் மைனி. அவளுக்கு வேற என்ன சோலி?"

அக்கா கலர் சோடா ஊற்றிய தம்ளர் வைத்த தட்டோடு கதவோரம் நின்றிருந்தாள். வாயைத் திறந்தாள். அம்மா பார்த்தாள். மூடிக்கொண்டாள்.

"ஆத்தாடி, என்ன கையி இந்தப் பிள்ளைக்கு!" என்று மாப்பிள்ளையின் அம்மா அக்காவின் விரல்களைப் பிடித்துப் பார்த்தார். அன்றைக்கே பேச்சு முடிந்தது. மாப்பிள்ளை அடுத்த முறை கப்பலிலிருந்து இறங்கியதும், நவம்பர் கடைசியில் திருவருகைக் காலம் தொடங்குமுன் கல்யாணம். மறுநாள் காலையில் மயில் டீச்சர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டது. ஆணி மட்டும் சுவரில் இருந்தது.

ஈஸ்டர் கழிந்து மேற்கிலிருந்து கச்சான் காற்று தொடங்கிய சமயம் ஒரு பார்சல் வந்தது. லீவில் வந்த வேறொரு கப்பல்காரர் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே சோப்பு, சாக்லேட், ஒரு பெரிய தட்டைப் பெட்டி. பெட்டியின் மேல் கடைசி இராவுணவுப் படம். நடுவில் ஆண்டவர், இரு பக்கமும் ஆறு ஆறு சீடர்கள், மேசைவிரிப்பில் மடிப்பு, ரொட்டியில் வெடிப்பு, ஒவ்வொரு தாடியிலும் ஒவ்வொரு முடி. திறந்ததும் பிளாஸ்டிக்கும் சென்ட்டும் கலந்த ஒரு வாசனை வந்தது. சுருட்டிய துணி, ஓட்டை போட்ட அட்டையில் கோத்த நூல்கள், நாலாக மடித்த ஒரு கட்டத்தாள். கூடவே மாப்பிள்ளை எழுதிய ஒரு சின்னக் கடிதம். நல்லாத் தைக்கிற பிள்ளை என்று அம்மா சொன்னார்கள், பொழுது போகட்டும் என்று வாங்கினேன், கல்யாணத்தன்று நம் வீட்டில் மாட்டலாம் என்று எழுதியிருந்தார். பாவம், நல்ல மனுஷர்தான். அவர் ஆசையாக அனுப்பியது எங்கள் வீட்டில் இடியாக விழுந்தது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அக்கா கட்டத்தாளைத் தரையில் விரித்தாள். நாலு பக்கமும் பறக்காமலிருக்க நாலு தம்ளர் வைத்தோம். தாள் முழுக்கக் கட்டம், கட்டம் முழுக்கக் குறி. முக்கோணம், புள்ளி, பிறை, பெருக்கல் குறி, தலைகீழ் முக்கோணம். ஒரு குறி ஒரு நிறம். குறிப்பெல்லாம் ஏதோ வெள்ளைக்காரப் பாஷை, இங்கிலீஷும் இல்லை. நான்கு ஓரத்திலும் நடுவாக ஒவ்வொரு அம்புக்குறி இருந்தது. அதைத் தாளை மடிப்பதற்கான அடையாளம் என்று நினைத்துக்கொண்டோம்.

அக்கா மெதுவாகச் சொன்னாள். "ஏளா, கடல்ல கெடக்க தண்ணிய எண்ணுன்னு சொன்ன மாரி இருக்கு எனக்கு."

"டீச்சர்ட்ட கேப்போமா?"

அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள். "கேட்டுப் பாரு. மயிலு யாரு தைச்சதுன்னு நாம சொன்னது ஊரெல்லாம் நாறட்டும். வாயப் பொத்திக்கிட்டு ஆரம்பி."

எங்கே ஆரம்பிப்பது என்று கேள்வி வந்தது. தாளின் நடுவில் இருந்தவர் ஆண்டவர். அம்மா குனிந்து பார்த்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "பழகாத கைய வச்சிக்கிட்டு அவரு முகத்துலயா ஊசிய ஏத்துவ? ஓரத்துல இருந்து வா. இந்தப் பக்கம் ஆறு பேரு, அந்தப் பக்கம் ஆறு பேரு. கை நல்லாப் பழகட்டும். கடைசியா அவரு முகம்." எங்கள் மூவருக்கும் அது எவ்வளவு சரியாகப் பட்டது தெரியுமா? அதைவிட மரியாதை வேறு என்ன இருக்கிறது? தையல் வகுப்பில் சட்டம் போடும் துணிக்கு ஓரத்தில் ஒரு சாண் விடச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அக்கா இடது ஓரத்திலிருந்து ஒரு சாண் அளந்து, பென்சிலால் புள்ளி வைத்து, சிலுவை போட்டு, முதல் ஊசியை இறக்கினாள்.

நான் குறி படிக்கிறவள். பள்ளி விட்டு வந்ததும் கட்டத்தாளோடு உட்காரவேண்டும், ஒரு வரிசையை நான் சொல்லச் சொல்ல அவள் குத்துவாள். காலையில் நான் பள்ளிக்குப் போகுமுன் அன்றைய வரிசைகளை ஒரு நோட்டில் எழுதிவைத்துவிட்டுப் போகவேண்டும். காப்பிப்பொடி நிறத்தில் மட்டும் பதினோரு நூல். ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாது. அதனால் பெயர் வைத்தோம். கருப்பட்டி, சிரட்டை, பழம்புளி, புதுப்புளி, கருவாடு, சாக்கு, வறுத்த ரவை. "கருப்பட்டி மூணு, சிரட்டை ஒண்ணு, ரெண்டு விடு, கருவாடு நாலு" என்று நான் வாசிப்பதைக் கேட்ட பக்கத்து வீட்டுக்காரி, மளிகைக்குச் சீட்டு எழுதுகிறோம் என்று நினைத்தாள். அந்த ஒருநாள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தப் படத்தை வைத்து நாங்கள் சிரித்தது அவ்வளவுதான்.

ஜன்னலைத் திறந்தால் உப்பளத்துத் தூசி துணியில் படியும். மூடினால் வேர்த்து ஊற்றும். விரலில் பவுடர் போட்டுக்கொண்டு தைப்பாள். ஒரு முகத்துக்குப் பன்னிரண்டு நாள், பதினான்கு நாள் ஆனது. தைத்ததைத் தள்ளி வைத்துப் பார்த்தால் முகம் தெரியும், கிட்டே பார்த்தால் வெறும் புள்ளி. முகம் சரியாக வந்ததா இல்லையா என்று எங்களுக்குச் சொல்லத் தெரியாது. சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக்கொள்வோம். பள்ளியில் கணக்கு நோட்டைத் திறந்தால் எனக்குக் கட்டம் ஆடும். கோயிலில் முழங்கால் போட்டால் தரை ஓட்டின் கட்டத்தை எண்ணுவேன். நான் ஒரு குறியைத் தப்பாகப் படித்தால் அக்காவின் கல்யாணம் போச்சு. பதினோரு வயதில் இதைத் தலையில் வைத்துக்கொண்டு சோறு இறங்குமா?

என் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தா. மூட்டை இறங்க இறங்க நாலு கோடு போட்டுக் குறுக்கே ஒரு கோடு இழுப்பார், அஞ்சு. வீட்டில் அதிகம் பேசமாட்டார். பேசினால் ஒன்று சொல்வார். "சரக்கு கொறஞ்சா கப்பல்காரன் மேலயும் விழாது, வண்டிக்காரன் மேலயும் விழாது. எண்ணினவன் தலையிலதான் விழும்." தினமும் காதில் விழுந்த பேச்சு அது.

ஆகஸ்ட் மாதம் மாதா கோயில் திருவிழா. இடது பக்கத்து ஆறு பேரும் முடிந்திருந்தார்கள். ஆண்டவரின் உடையை முடித்து, முகத்தை வெறுமனே விட்டு, அக்கா வலது பக்கத்து முதல் சீடருக்குப் போயிருந்தாள். அன்று மாலை எல்லாரும் நற்கருணைப் பவனி பார்க்கப் போனார்கள். எனக்குக் காய்ச்சல், வீட்டில் இருந்தேன். தெரு காலி. துணியின் மேல் மூடியிருந்த பழைய வேட்டியை விலக்கினேன். இன்னும் எத்தனை நாள் ஆகும் என்று பார்க்கலாமே என்றுதான், வேறு ஒன்றும் இல்லை, மாதா மேல் சத்தியம். தாளில் வலது ஓரம் வரை மீதியிருந்த கட்டங்களை எண்ணினேன். பிறகு துணியில் மீதியிருந்த கட்டங்களை எண்ணினேன்.

துணியில் குறைந்தது.

மறுபடி எண்ணினேன். கட்டத்தாளைத் திருப்பிப் போட்டு, அதன் முதுகில் அப்பாவைப்போல நாலு கோடு, குறுக்கே ஒன்று என்று பென்சிலால் போட்டுப் போட்டு மூன்றாம் முறை எண்ணினேன். முப்பத்திநாலு கட்டம் குறைந்தது. கடைசிச் சீடரும் மேசையின் நுனியும் துணிக்கு வெளியே, காற்றில். எங்கேயோ நான் குறி தப்பிப் படித்திருக்கிறேன், கொஞ்சம் கொஞ்சமாக முப்பத்திநாலு கட்டத்தை நான்தான் தின்றுவிட்டேன் என்று நினைத்தேன். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. வெளிநாட்டுத் தாள் தப்பாக இருக்குமா, அம்மா சொன்னது தப்பாக இருக்குமா? எண்ணினவள் நான். ரப்பர் எடுத்துக் கோடுகளை அழித்தேன். வேட்டியைப் போட்டு மூடினேன். பவனி முடிந்து வந்தவர்கள் முறுக்கும் பூந்தியும் கொண்டுவந்தார்கள். வாயில் போட்டு, மெல்லாமலே விழுங்கினேன்.

நான் சொல்லவில்லை. ஆகஸ்ட் போனது, செப்டம்பர் போனது. தினமும் உட்கார்ந்து, "சாக்கு ரெண்டு, பழம்புளி அஞ்சு" என்று வாசித்தேன். தினமும் இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று பள்ளியிலிருந்து வருவேன். அக்காவின் குனிந்த கழுத்தைப் பார்த்ததும் கட்டத்தாளை எடுத்து வாசிக்க ஆரம்பித்துவிடுவேன். அக்காவும் திருவிழாவுக்குப் பிறகு மந்தமாகிவிட்டாள். ஊசியைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏளா, எல்லாம் சரியாத்தான வருது?"

"சரியாத்தான் வருது."

பத்து நாள் கழித்து மறுபடி கேட்டாள். அதே பதில். அக்டோபரில் ஒரு மத்தியானம் மூன்றாவது தடவை கேட்டாள். ஊசியைத் துணியில் குத்திவிட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்துக் கேட்டாள். "நல்லாப் பாத்துச் சொல்லுளா. சரியா வருதா?" நான் தாளைப் பார்த்துக்கொண்டு, "சரியா வருதுக்கா" என்றேன். அவள் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

கண்டுபிடித்தது ஆசாரி. சட்டத்துக்கு அளவெடுக்க அம்மா வரச்சொல்லியிருந்தாள். அவர் துணியை மேசையில் விரித்து, அளவு நாடாவை ஓட்டி, வலது ஓரத்தில் விரலை வைத்து நின்றார். "எம்மா, இங்கன ஒரு ஆளு வெட்டுப்படுதாரே. அவருக்கு எடமே இல்லியே."

அம்மா என்னை அடித்தாள். அக்காவை ஏசினாள். பிறகு வேறு வழியில்லாமல் துணியைச் சுருட்டிக்கொண்டு தையல் டீச்சர் வீட்டுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன். டீச்சர் கட்டத்தாளைப் பார்த்தார், துணியைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நடுவுல ஆரம்பிக்கணும்மா. இந்தா, நாலு பக்கமும் அம்பு போட்டிருக்கான் பாருங்க. துணிய நாலா மடிச்சு, அந்த நடுப் புள்ளியில இருந்து தைச்சுப் போகணும். ஓரத்துல ஒரு சாண் விட்டு ஆரம்பிச்சா அந்தப் பக்கம் துணி பத்தாம இப்படித்தான் ஆகும். சின்னவ எண்ணிக்கையில ஒரு தப்பும் இல்ல, ரொம்பச் சுத்தமா எண்ணியிருக்கா. ஏன் முன்னாலயே எங்கிட்ட வரல?"

அம்மா துணியைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"இனி?"

"தைச்சதப் பிரிச்சாத்தான் உண்டு."

கல்யாணத்துக்கு நாற்பது நாள் இருந்தது. அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. அவளுக்கு வருகிற யோசனையெல்லாம் பொய்யாகத்தான் வரும், கெட்ட எண்ணம் கிடையாது, அந்த நேரத்தைத் தாண்டினால் போதும் அவளுக்கு. மாப்பிள்ளை வீட்டுக்கு ஆள் அனுப்பினாள். பிள்ளைக்குக் கண்ணில் கொஞ்சம் கோளாறு, டாக்டர் ஆறு மாதம் தைக்கக் கூடாது என்கிறார், படம் முடியவில்லை, குறையாக நினைக்கவேண்டாம்.

நாலாம் நாள் மாப்பிள்ளையின் அம்மா வந்துவிட்டார். தனியாக வந்தார். காப்பியைத் தொடவில்லை. அக்காவைப் பக்கத்தில் உட்காரவைத்து, மோவாயைப் பிடித்துத் தூக்கி, கண்ணைப் பார்த்தார்.

"பாத்தா நல்லாத்தான இருக்கு. என்ன செய்யுதும்மா? மங்குதா?"

அக்கா அம்மாவைப் பார்த்தாள்.

ஜன்னலோரம் தையல் டப்பா இருந்தது. அவர் எழுந்து போய் ஒரு ஊசியும் ஒரு துண்டு நூலும் எடுத்துவந்து அக்காவின் கையில் கொடுத்தார். அதில் குத்தல் ஒன்றும் இல்லை, பிரியமாகத்தான் சொன்னார். "இத ஒரு மட்டம் கோத்துக் காட்டு தாயி. எம்மனசு ஆறட்டும்."

நான் கதவில் ஒட்டிக்கொண்டு நின்றேன். கோத்தால் அம்மா பொய்க்காரி. அந்தப் பொய்யைத் தொட்டு இழுத்தால் மயிலும் பின்னாலேயே வரும். கோக்காவிட்டால் கண் தெரியாதவள். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நின்றாள். அந்த வெறும் ஆணியைத்தான் பார்த்தாள். அக்கா நூலை நாக்கில் நனைத்தாள். ஊசியைக் கண்ணுக்கு நேரே தூக்கினாள். மங்கலில் வாசலைப் பார்த்துக்கொண்டே கோக்கிறவள், பட்டப்பகலில் ஊசியைப் பார்த்தபடி நூலை அதன் காதுக்குப் பக்கத்தில் விட்டாள். இரண்டாம் முறையும் விட்டாள். பிறகு இரண்டையும் மடியில் வைத்துவிட்டாள்.

"தெரியல அத்தை."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பிள்ள நல்ல பிள்ள. நான் கொற சொல்லல. ஆனா எம்மவன் வருசத்துல ஒம்பது மாசம் கப்பல்ல கெடக்கான். வீட்ட ஒத்தையில பாக்க கண்ணுள்ள பிள்ள வேணும்லா மைனி? நீங்களே சொல்லுங்க." வாசலில் செருப்பை மாட்டும்போது திரும்பினார். "அந்த மயில தைச்சுத்தான் கண்ணு போயிருக்கும், பாவம். எதுக்குப் பிள்ளைய இந்தப் பாடு படுத்துனிய? இந்தப் படத்த நாங்க கேக்கவே இல்லியே. அவன் ஏதோ பொழுது போகட்டுமேன்னு வாங்கி அனுப்புனான். முடிக்க முடியலன்னா கடையில ஒண்ண வாங்கி மாட்டிட்டுப் போறோம்."

இவ்வளவுதான் அந்தப் படத்தின் விலை. கடையில் ஒன்றை வாங்கி மாட்டிவிட்டுப் போயிருப்பார்கள்.

பிறகு என்ன? கண் தெரியாத பிள்ளை என்று ஊர் முழுக்கப் பரவியது. கீழவைப்பாரிலிருந்து ஒரு வரன் தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. அக்கா தையல் மெஷின் வாங்கிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு யூனிபார்ம் தைத்தாள். நாற்பது வருஷம் தைத்தாள். உங்களில் எத்தனை பேரின் பிள்ளைகள் அவள் தைத்த பாவாடையைப் போட்டிருக்கிறார்கள்! தைத்து வாங்கிக்கொண்டு போகிற வாயே, "பாவம், கண்ணு தெரியாதுல்லா" என்று சொல்லிவிட்டுப் போகும். ஊர் வாயைத் தைக்க எந்த ஊசி இருக்கிறது?

அம்மா சாகும்வரை அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் படித்தேன், வேலைக்குப் போனேன், கல்யாணம் பண்ணிக்கொண்டேன். என் கல்யாணத்துக்கு அக்காதான் ரவிக்கை தைத்தாள்.

போன மழைக்காலத்தில், உங்களுக்குத் தெரியும், அவள் என் வீட்டில்தான் கிடந்தாள். சர்க்கரை கண்ணைத் தின்றுவிட்டது. வெளிச்சம் இருக்கிறது, இல்லை, அவ்வளவுதான் தெரியும். ஆனாலும் வாய் குறையவில்லை. "அம்மா சொன்ன பொய்யி அம்பது வருசம் கழிச்சுப் பலிச்சிட்டு, பாத்தியா? அவ வாக்குச் சுத்தம்" என்று சொல்லிச் சிரிப்பாள். ஒருநாள் மத்தியானம் கஞ்சி குடித்துவிட்டுக் கேட்டாள்.

"ஏளா, அந்தத் துணி கெடக்கா?"

"எந்தத் துணி?"

"எந்தத் துணியாம்! கப்பல்ல வந்தது. எம்பெட்டியில அடியில பாரு."

இருந்தது. பாச்சை உருண்டை நாற்றத்தோடு, அந்தப் பழைய வேட்டியில் சுற்றி. ஒரு தையலைக்கூடப் பிரிக்கவே இல்லை அவள். நூல் அட்டையும் கட்டத்தாளும்கூட இருந்தன. மடியில் விரித்துவிட்டேன். இடது ஓரத்திலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தலையாகத் தடவினாள். நடுவில் வந்ததும் விரல் வெறும் துணியில் வழுக்கியது. அங்கேயே வைத்துக்கொண்டாள்.

எனக்குத் தாங்கவில்லை. ஐம்பது வருஷம் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன். "அக்கா, எனக்கு அப்பவே தெரியும். திருவிழா அன்னைக்கே எண்ணிட்டேன். முப்பத்திநாலு கட்டம் கொறஞ்சுது. நான் ஒன்ட்ட சொல்லல."

"தெரியும்ளா."

"என்ன தெரியும்?"

"தாளுக்குப் பொறத்தால கோடு போட்டு அழிச்சிருந்தியே. பென்சில் தடம் போவுமா? மறுநாளே பாத்துட்டேன். நானும் எண்ணினேன். முப்பத்திநாலுதான்."

"பெறவு ஏன்க்கா தைச்ச?"

"நான் எப்பிடி நிறுத்த? நான் போய்ச் சொன்னா அம்மா நம்புவாளா? கலியாணம் புடிக்கல, அதான் கத கட்டுதான்னு சொல்லுவா. நீ சின்னப் பிள்ள. நீ சொன்னா ரெண்டு அடி அடிப்பா, அதோட முடிஞ்சிரும், படத்த மூட்ட கட்டிரலாம். அதான் ஒன்ட்ட கேட்டேன். மூணு மட்டம் கேட்டேம்லா, சரியா வருதான்னு." விரல் அந்த வெறும் இடத்தில் ஒருமுறை வட்டம் போட்டது. "நீ இல்லன்னு சொல்லுவன்னுதான் கேட்டேன்."

நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "சவத்த விடு, மடிச்சு வை, பாச்சை கடிச்சிரும்" என்றாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் போய்விட்டாள். அடக்கத்துக்கு நீங்கள் நாலு பேர் வந்தீர்கள். அப்போதும் உங்களிடம் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே, எனக்குப் பெட்டி அனுப்பாதீர்கள். நடுவில் ஆரம்பிக்கவேண்டும் என்று இப்போது எனக்குத் தெரியும். தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. ஒரு கட்டத்தாளை விரித்தால் அக்காவின் குனிந்த கழுத்துதான் தெரிகிறது. அது இனி மாறப்போவதில்லை.

லீடர், இது உனக்கு. இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, போனில் உன் படத்தைப் பெரிசாக்கி, வரிசை வரிசையாக எண்ணினேன். மூன்று முறை எண்ணினேன். சரியாக வரவில்லை. கலங்கரை விளக்கத்துக்கு இந்தப் பக்கம் வருகிற தண்ணீர்க் கோடும் அந்தப் பக்கம் போகிற தண்ணீர்க் கோடும் ஒன்றாகச் சேரவில்லை, ஒரு கட்டம் கீழே இறங்கியிருக்கிறது. அதற்கு வலது பக்கம் தைத்தது அத்தனையும் தப்பு. இரண்டு மாத வேலை இருக்கும். பிரித்துவிடு.